நார்வேயில் மின்சார ஹீட்டர் இருந்தும் விறகு அடுப்பை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

காசுக் கணக்கு மட்டும் போட்டால் இது பிடிபடாது. நார்வேயின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். சுவிட்சைத் தட்டினால் வீடு சூடாகிவிடும். விறகு அப்படியில்லை. வசந்தத்தில் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, கோடை முழுக்கக் காயவிட வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் புகையாமல் எரியும். காய்ந்த பிர்ச் மரக் கட்டை இரண்டைத் தட்டிப் பார்த்தால் 'டங்'கென்று கேட்கும். இவ்வளவு பாடுபட்ட பொருள்மேல் பாசம் வராமல் இருக்குமா?

2013 பிப்ரவரியில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியான என்ஆர்கே, விறகைப் பற்றியே 12 மணி நேரம் ஒளிபரப்பியது. பெரும்பகுதி, தீ எரிவதுதான்! வந்த புகார்களோ, பட்டை மேலே பார்க்க அடுக்குவதா கீழே பார்க்கவா என்று. பனிப்புயலில் கரண்ட் போனாலும் குளிரில் விறைக்க மாட்டோம் என்ற தெம்பும் இதில் உண்டு.