கழுகின் கண், எலியின் இருட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கழுகின் பார்வை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் எலிகளில் ஒரு வகை பார்வையையே இழந்துவிட்டதாமே? அப்படியானால் பரிணாமத்தில் கழுகு முன்னேறிவிட்டது, எலி பின்தங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டையும் தாராளமாக ஒப்பிடலாம். ஆனால் கண்ணை மட்டும் அளவுகோலாக வைத்தால் எலி தோற்கத்தான் செய்யும். நாமும் கண்ணை நம்பிப் பிழைப்பவர்கள், அதனால் முதலில் அந்த அளவுகோலைத்தான் எடுக்கிறோம்.

நீங்கள் குறிப்பிடுவது மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதி நாடுகளில் வாழும் குருட்டு எலியாக இருக்க வேண்டும். அதன் கண் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலும் ரோமமும் மூடியிருப்பதால் கண் எங்கே என்றே தெரியாது. ஆனால் அந்தக் கண் செத்துப்போகவில்லை. உருவம் எதையும் காட்டாவிட்டாலும், தோலைத் தாண்டி வரும் கொஞ்ச வெளிச்சத்தை வைத்துப் பகலா இரவா என்று உடலுக்குத் தெரிவிக்கிறது.

மற்ற வேலைகளுக்கு வேறு வழிகள் வைத்திருக்கிறது. வளையின் கூரையில் தலையால் தட்டும். மண் வழியே போகும் அந்த அதிர்வைத் தள்ளி இருக்கும் இன்னொரு எலி உணர்ந்துகொள்ளும். இருட்டில் நெடுந்தூரம் போகும்போது திசை தவறாமல் இருக்கப் பூமியின் காந்தப்புலத்தையும் அது பயன்படுத்துகிறது என்று 2004-இல் சோதனை செய்து காட்டினார்கள். படித்தபோது பிரமித்துப் போனேன். கழுகின் கண்ணுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

சரி, கழுகு. கூர்மையில் அதன் பார்வை நம்முடையதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நம் விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் குழி ஒன்றுதான். கழுகுக்கு ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு. ஒன்று முன்னால் பார்க்க, மற்றொன்று பக்கவாட்டில் பார்க்க. ஆனால் நம்மைப்போல் கண்ணை உருட்ட முடியாது, தலையைத்தான் திருப்ப வேண்டும். வெளிச்சம் குறையக் குறைய அந்தக் கூர்மையும் வேகமாக மங்கிவிடும். அதே கண்ணை வளைக்குள் கொண்டுபோனால் பார்க்க எதுவும் இல்லை. தீனி கொடுத்துக் காக்க வேண்டிய, மண் பட்டால் புண்ணாகும் ஓர் உறுப்பாகத்தான் மிஞ்சும்.

முன்னேற்றம் பற்றிக் கேட்டீர்கள். பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் பொதுவான மூதாதை 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்தது. அங்கிருந்து பிரிந்த இரண்டு கிளைகளும் இன்றுவரை அதே அளவு காலம்தான் மாறிக்கொண்டு வந்திருக்கின்றன. எலி வழியில் கழுகு இல்லை, கழுகு வழியில் எலியும் இல்லை.