மறுஒளிபரப்பு வர வேண்டிய நேரத்தில் விருது விழா ஏன் வருகிறது?

கேள்வி: அமெரிக்க நெட்வொர்க் ஒன்றில் வாராவாரம் வரும் தொடரைப் பார்க்கிறேன். மார்ச் மாதத்தில் சில வாரம் பழைய எபிசோட் போடுகிறார்கள். சில வாரம் அதுவும் இல்லை, விருது விழாவோ வேறு ஏதாவது சிறப்பு நிகழ்ச்சியோ வருகிறது. இதை எப்படி முடிவு செய்கிறார்கள்? புது எபிசோட் தவறாமல் ரெக்கார்டு ஆக என்ன செய்வது?

பதில்: எல்லாம் வாரக் கணக்குதான். சீசன் செப்டம்பர் கடைசியில் தொடங்கி மே கடைசி வரை, கிட்டத்தட்ட 35 வாரம் ஓடும். முழு சீசன் தொடருக்கே வழக்கமாக 22 எபிசோட்தான் எடுப்பார்கள்; இப்போது பல தொடர்களுக்கு அதைவிடக் குறைவு. மிச்சமிருக்கும் 13 வாரத்தை எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும்.

அந்த 22-ஐ எங்கே செலவழிப்பது? நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களில் எடுக்கும் பார்வையாளர் கணக்கை வைத்துத்தான், நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகளை அந்தந்த ஊரில் ஒளிபரப்பும் உள்ளூர் நிலையங்கள் நெடுங்காலமாக விளம்பரக் கட்டணம் பேசி வந்தன. அளவிடும் முறை மாறிவிட்டாலும் அந்தப் பழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை. அதனால் புது எபிசோடுகள் அங்கே குவியும். டிசம்பர் பிற்பாதியும் மார்ச்சும் காலியாகும்.

காலி இடத்தில் எது வரும் என்பது தொடரின் வகையைப் பொறுத்தது. ஒரே எபிசோடில் கொலை நடந்து, கொலைகாரனும் பிடிபடும் துப்பறியும் தொடரை மறுபடி போட்டாலும் பார்ப்பார்கள். நகைச்சுவைத் தொடருக்கும் அப்படித்தான். ஆனால் வாராவாரம் கதை நகரும் தொடரில், நடுவிலிருந்து ஒரு பழைய எபிசோடை எடுத்துப் போட்டால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? விட்டதைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஸ்ட்ரீமிங் இருக்கிறது. அந்த இடத்துக்குத்தான் விருது விழா, இசை நிகழ்ச்சி, செய்திச் சிறப்பு எல்லாம் வந்து உட்காருகின்றன. இவற்றை விளம்பரதாரர்களிடம் தனியாக, முன்கூட்டியே விற்கவும் முடியும்.

இதில் ஒரு வேடிக்கை: 1965-ல் சிபிஎஸ் நெட்வொர்க்கில் முதலில் வந்த சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் கார்ட்டூனைப் பல பத்தாண்டுகள் ஆண்டுதோறும் போட்டார்கள். அதுவும் மறுஒளிபரப்புதான், ஆனால் பெயர் ‘சிறப்பு நிகழ்ச்சி’!

எதிரி நெட்வொர்க்கில் சூப்பர் பவுல் (அமெரிக்க ஃபுட்பாலின் இறுதி ஆட்டம்) ஓடும் இரவில் கதை தலைகீழ். நல்ல சரக்கை எதிரே இறக்கி வீணாக்க யாருக்கும் மனசு வராது. பழையதைப் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

சரி, ரெக்கார்டிங்குக்கு வருவோம். நாளும் மணியும் குறித்துப் பதிவு வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். விருது விழாதான் பதிவாகும். தொடரின் பெயரில், ‘புதிய எபிசோட் மட்டும்’ என்று வையுங்கள். சிறப்பு நிகழ்ச்சி வரும் வாரம் கருவி சும்மா இருக்கும், அது கோளாறு இல்லை. கடைசி நேரத்தில் அவசரச் செய்தி குறுக்கிட்டால் மட்டும் எந்த அமைப்பும் உதவாது. அன்று மறுநாள் ஸ்ட்ரீமிங்தான் வழி.

உங்கள் தொடர் ஞாயிறு மாலை அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்குப் பின்னால் வருவதாக இருந்தால், பதிவின் முடிவில் ஒரு மணி நேரம் கூட்டி வையுங்கள். ஆட்டம் நீண்டால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் தள்ளிப்போகும். 1968 நவம்பர் 17 அன்று என்பிசி நெட்வொர்க், ஜெட்ஸ், ரெய்டர்ஸ் என்ற இரண்டு அணிகளின் ஆட்டம் முடியும் முன்பே, நாட்டின் பெரும்பகுதியில் அதை நிறுத்திவிட்டு, சரியாக 7 மணிக்கு ‘ஹெய்டி’ படத்தைப் போட்டது. பின்தங்கியிருந்த ரெய்டர்ஸ் கடைசி நிமிடத்தில் இரண்டு டச்டவுன் (கோல் போல, புள்ளி தரும் ஆட்டம்) அடித்து ஜெயித்ததை அங்கிருந்தவர்கள் பார்க்கவில்லை. தொலைபேசிப் புகார் குவிந்தது. அதற்கப்புறம் ஆட்டத்தை முழுக்கக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார்கள்.

இன்னொன்று, நெட்வொர்க் வேறு, உங்கள் ஊர் நிலையம் வேறு. உள்ளூர் ஆட்டத்துக்காக நிலையம் உங்கள் தொடரை நள்ளிரவுக்குத் தள்ளலாம். சந்தேகம் வந்தால் நெட்வொர்க்கின் அட்டவணையை விட்டுவிட்டு நிலையத்தின் அட்டவணையைப் பாருங்கள்.