16 வயது மகளுக்கு நானே கார் பழக்கலாமோ?

யாழ்ப்பாணத்தில் கனகாலம் ஹயஸ் வான் ஓடினனான், கனடா ஒன்ராறியோ வந்து சில மாதம்தான், மகள் ஜி1 (பழகுபவருக்கான முதற்படி லைசென்ஸ்) எடுத்துவிட்டாள், நானே பழக்கலாமோ என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. இப்போதைக்கு ஏலாது. ஜி1 வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் முழு ஜி லைசென்ஸும் நான்கு வருட ஓட்ட அனுபவமும் இருக்கவேண்டும். இடைப்படி லைசென்ஸான ஜி2 காணாது. ஊர் லைசென்ஸை இங்கே அப்படியே மாற்றித் தரமாட்டார்கள். ஆனால் இலங்கை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் அனுபவ உறுதிக் கடிதம் எடுத்து, 24 மாதத்துக்கு மேல் ஓடியதைக் காட்டினால், எழுத்துச் சோதனை முடித்ததும் காத்திராமல் நேரே ஜி வீதிச் சோதனைக்குப் போகலாம். முதலில் அந்தக் கடிதத்துக்கு அலுவல் பாருங்கள்.

மகளை அங்கீகரித்த பயிற்சி வகுப்பில் சேர்த்தால் ஜி2 வீதிச் சோதனைக்கான 12 மாதக் காத்திருப்பு 8 மாதமாகும். காரில் 10 மணித்தியாலம் பழக்குவார்கள். அது சோதனைக்குக் காணும், வீதிக்குக் காணாது. மிச்சம் வீட்டுக்காரர் பொறுப்பு.

உங்களுக்கு வரப்போகும் சிக்கல் வேறு. ஊரில் வலப்பக்க இருக்கையில் இருந்து ஓடினீர்கள். இங்கே பழக்குபவர் இருப்பதும் அதே வலப்பக்கம்தான். கால் சும்மா பிறேக்கைத் தேடும், அதை விடுங்கள். கண்தான் பிழை விடும். கே.கே.எஸ். வீதியில் அந்த இருக்கைக்கு வலக்கைப் பக்கம் நடுக்கோடு. இங்கே அதே பக்கம் நடைபாதைக் கட்டு. பிள்ளை லேனுக்கு நடுவில் ஒழுங்காகப் போனாலும் கார் கட்டில் ஏறப்போகிறது போலத்தான் உங்களுக்குத் தெரியும். “இடப்பக்கம் எடு” என்று கத்துவீர்கள். அவள் எதிர் வாகனத்தை நோக்கி ஒடிப்பாள். ஆகவே, நல்ல ஓட்டுநர் ஒருவர் ஓட, முதலில் நீங்கள் அந்த இருக்கையில் இருந்து பாருங்கள். கார் நடுவில் போகும்போது கட்டு முன்கண்ணாடியின் எந்த இடத்தில் தெரிகிறது என்று மனதில் பதியுங்கள். மகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை, அவள் ஊரில் ஓடவில்லையே.

பழக்கும்போது சொல்லை முந்திச் சொல்லவேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றரில் கார் ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் போகும். “அடுத்த லைற்றில் வலம்” என்று 100 மீற்றருக்கு முன்னர் சொன்னால் அவளுக்கு ஏழு செக்கன் கிடைக்கும்: கண்ணாடி, சிக்னல், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பது, பிறகு பிறேக். ஸ்ரேறிங்கில் கைவைக்காதீர்கள். பார்க்கிங் பிறேக் எங்கே என்று தெரிந்தால் போதும்.

முதல் இடம் ஞாயிறு காலை வெறுமையாகக் கிடக்கும் பிளாசா பார்க்கிங். பிறேக்கும் அக்சிலேற்றரும் வலக்காலால் மட்டும். கிளச் மிதித்த உங்கள் இடக்கால் ஒட்டோமற்றிக்கில் பிறேக்கில் விழும், அந்தப் பழக்கத்தை அவளுக்குப் பழக்கிவிடாதீர்கள். பிறகு குடியிருப்புத் தெருக்கள், பிறகுதான் பஸ் ஓடும் வீதி. 401, 404 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகளில் ஜி1 காரர் வீட்டுக்காரரோடு ஓட முடியாது. நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை எங்கேயும் ஓட முடியாது.

அதிக நேரம் செலவழிக்கவேண்டியது இடப்பக்கம் திரும்புவதற்கு. பச்சை விழுந்ததும் சந்திக்குள் போய் நின்று, எதிரில் வருபவரை விட்டுத் திரும்பவேண்டும். அப்படி நிற்கும்போது முன் ரயர்கள் நேராக இருக்கட்டும். முன்கூட்டியே ஒடித்து வைத்தால், பின்னால் யாரும் இடித்தவுடன் கார் எதிர் லேனுக்குள் தள்ளுப்படும். பழகுபவர்களில் பலர் விடும் பிழை இது.

சிவப்பில் வலப்பக்கம் திரும்பலாம், தடைப்பலகை இல்லாவிட்டால். கோட்டுக்கு முன் சில்லு முழுதாக நின்றபிறகுதான். கட்டோரமாக வரும் சைக்கிளையும் பார்த்துவிட்டு.

ஒழுங்கை முகப்பில் கோண் அடித்துவிட்டு எடுக்கும் பழக்கம் இங்கே சரிவராது. நாலு பக்கமும் ஸ்ரொப் உள்ள சந்தியில் முதலில் நின்றவர் முதலில் போவார். ஒன்றாக நின்றால் வலப்பக்கத்தவர். பாடசாலை பஸ் சிவப்பு விளக்கை மினுக்கினால், பின்னால் வருபவர் 20 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். நடுவில் தடுப்பில்லாத வீதியில் எதிரே வருபவரும் நிற்கவேண்டும்.

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் விண்டர் ரயர் போடுங்கள். சாதாரண ரயரின் ரப்பர் இறுகிவிடும். முதல் பனிக்கு மறுபடியும் அதே வெறும் பார்க்கிங்குக்குப் போய், மெதுவான வேகத்தில் பிறேக்கை இறுக்கி மிதிக்கச் சொல்லுங்கள். ஏ.பி.எஸ். (சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் பிறேக் ஏற்பாடு) வேலைசெய்யும்போது பெடல் காலுக்குள் நடுங்கும், கறகறக்கும். தெரியாத பிள்ளை பயந்து காலை எடுத்துவிடும். எடுக்காமல் மிதித்தபடி ஸ்ரேறிங்கைத் திருப்பப் பழக்குங்கள்.

இன்சூரன்ஸ் கொம்பனிக்கு மகளின் பெயரை ஜி1 காலத்திலேயே சொல்லிவையுங்கள், ஜி2 வரட்டும் என்று பார்த்திராமல்.