அமீன் ஆவியால் வந்த ஆஸ்துமா: ராஜினாமா எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: எபாக்ஸி ஹார்டனர் (எபாக்ஸி பிசினை இறுக வைக்கும் ரசாயனம்) தயாரிக்கும் தொழிற்சாலையில், எத்திலீன்டையமீன் என்ற அமீன் வகை ரசாயனத்தை டிரம்மிலிருந்து கேன்களில் பிரித்து ஊற்றுவது என் வேலை. கேன்களில் லேபிள் கிடையாது. சில மாதங்களாக இரவில் இளைப்பு. லீவு நாட்களில் குறைகிறது. ஆஸ்துமா என்கிறார் டாக்டர். "மாஸ்க் கொடுத்தோமே; சொந்தக் காரணத்தால் விலகுகிறேன் என்று எழுதிக் கொடு" என்கிறது நிர்வாகம். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். "சொந்தக் காரணத்தால்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு தாளை வைத்தே உங்களை மடக்கிவிடுவார்.

நஷ்டஈடு கேட்க உங்களுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. லீவில் இளைப்பு குறைகிறது என்றீர்களே, வழக்கின் உயிர் அங்கேதான். மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் வேலை நாளிலும் லீவு நாளிலும் ஒரு நாளைக்குப் பல முறை ஊதி, சில வாரங்கள் தேதியோடு குறித்து வையுங்கள். என்ன ரசாயனத்தோடு வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் பெயரோடு சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வெறும் 'ஆஸ்துமா' என்று இருந்தால், பரம்பரை நோய் என்று தள்ளப் பார்ப்பார்கள். வேலையிடத்து ஒவ்வாமைப் பொருளால் வரும் ஆஸ்துமா, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2010 தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

அடுத்து, அந்த ரசாயனத்தின் ஆபத்துகளையும் பாதுகாப்பு முறைகளையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளை (SDS) நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். 16 பகுதிகள் கொண்டது அது. 2-ஆம் பகுதியில் எச்334 (H334) என்ற குறியீட்டைத் தேடுங்கள்: சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம் என்ற எச்சரிக்கை அது. 8-ஆம் பகுதியில் எந்த முகக்கவசம் தேவை என்று இருக்கும். தூசி மாஸ்க் அமீன் ஆவியைத் தடுக்காது. அதற்கென்ற கார்ட்ரிட்ஜ் (ஆவியை வடிகட்டும் குப்பி) பொருத்திய ரெஸ்பிரேட்டர் என்ற சுவாசக் கவசம் வேண்டும். உங்களுக்குக் கொடுத்தது தூசி மாஸ்க் என்றால், "மாஸ்க் கொடுத்தோம்" என்ற வாதம் அவர்களுக்கே பாதகம். லேபிள் இல்லாத கேன்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

லேபிள், தரவுத் தாள், பயிற்சி மூன்றும் முதலாளியின் கடமை என்கிறது ரசாயனங்கள் பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1990-ஆம் ஆண்டு 170-ஆவது உடன்படிக்கை. உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாக நம்பினால், மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு விலகி நிற்கும் உரிமையும் அதில் உண்டு. உங்கள் நாடு அதை ஏற்காவிட்டாலும், உள்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் இதுபோன்ற கடமைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வழக்கு ஒரு பக்கம், உடம்பு முக்கியம். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால், அப்புறம் மிகக் குறைந்த அளவும் மூச்சை அடைக்கும். டாக்டர் சான்றோடு வேறு பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். நஷ்டஈட்டு மனுவுக்குக் காலக்கெடு உண்டு; அது நாட்டுக்கு நாடு மாறும். உள்ளூர் தொழிலாளர் வக்கீலை இந்த வாரமே பாருங்கள்.