பேனா கடைய முதலில் என்ன மரம் வாங்கலாம்? விறகுக் கடைக்குப் போங்கள் என்பேன்

கேள்வி: "சின்ன லேத் ஒன்று வாங்கியிருக்கிறேன். பேனா கடையப் பழக வேண்டும். ஆரம்பத்துக்கு எந்த மரம் நல்லது, எங்கே கிடைக்கும்? ஆன்லைனில் கருங்காலி, ரோஸ்வுட் என்று செட்டாக விற்கிறார்களே, வாங்கலாமா?"

வாங்காதீர்கள். கருங்காலி என்ற வார்த்தையைப் பார்த்ததால்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

நான் கோவையில் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். இரும்பு கடைந்த கை. மரம் கடைவது அதற்குப் பக்கத்து வீடு என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். உங்களைப் போலவே ஒரு மினி லேத், பத்து ஸ்லிம்லைன் கிட் (பேனாவின் பித்தளைக் குழாய், கிளிப் போன்ற உலோக பாகங்கள்), கூடவே 1,400 ரூபாய்க்கு ஐந்து கருங்காலித் துண்டுகள். எங்கள் சங்கச் செயலாளருக்கு எழுபதாவது வயது நெருங்கிக்கொண்டிருந்தது, என் கையால் கடைந்த பேனா ஒன்று கொடுக்க வேண்டும் என்று ஆசை. பணிக்கொடை பாக்கிக்காக எங்களை இழுத்துக்கொண்டு பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்த மனுஷன் அவர்.

ஐந்தில் இரண்டை ஈரத்துணியால் துடைத்ததுமே துணி கறுத்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே ஏதோ வெளிறிய மரம், மேலே சாயம். மீதி மூன்று அசல்தான் என்று நினைக்கிறேன், ஆனால் 7 எம்எம் துளை போடும்போது ஒன்றன்பின் ஒன்றாக 'டிக்' என்று விரிந்தன. தப்பு என்னுடையதும்தான், மறுக்கவில்லை. கருங்காலி மாதிரி இறுகிய மரத்தில் ட்ரில் பிட் சூடேறினால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை, சீவல் வேறு துளைக்குள் அடைத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கீறல் அப்போது வாயைத் திறக்கும். கால் அங்குலம் இறக்கியதும் பிட்டை முழுசாக வெளியே இழுத்து, சீவலைத் தட்டி, ஆறவிட்டு மறுபடி இறக்க வேண்டும். இரும்பில் கூலன்ட் ஊற்றியே பழகியவனுக்கு இது உறைக்கவில்லை.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது வீட்டம்மா வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, சங்கத்துக்காரருக்குப் போயி கருங்காலிப் பேனாவா குடுக்கப் பாத்தீங்க?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை! ஸ்ட்ரைக் நடக்கும்போது உள்ளே வேலைக்குப் போகிறவனுக்குக் கருங்காலி என்று பெயர், ஆலையில் வேலை பார்த்த யாருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஸ்ட்ரைக்கில் நாற்பது நாள் கேட்டுக்கு வெளியே நாங்கள் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தபோது பின்பக்கக் கேட் வழியாக உள்ளே போன ஒருவர் அடுத்த வருஷமே ஃபோர்மேன் ஆனார். எனக்கு மெமோ கொடுத்ததும் அவர்தான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், கழுத்தில் பெரிய கருங்காலி மாலை. சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை, பந்தியில் அவருக்கு எதிரே உட்காராமல் வேறு வரிசைக்குப் போய்விட்டேன். இந்த மாலை மோகம் வந்ததிலிருந்துதான் சாயம் பூசின கட்டையெல்லாம் கருங்காலி ஆகிவிட்டது. மூலிகைக்காரர்கள் ஒரு முள்மரத்தைக் கருங்காலி என்பார்கள், மரவேலைக்காரர்கள் இன்னொன்றைச் சொல்வார்கள், விற்கிறவனுக்கு இந்தக் குழப்பமே வசதி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்து விறகுக் கடைக்குப் போய் சீமைக் கருவேலங்கட்டை கேட்டேன். நான் குனிந்து ஒவ்வொரு கட்டையின் முனையையும் தடவிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "அண்ணா, எரிக்கிறதுக்கு இவ்வளவு பொறுக்கோணுங்களா?" என்றார். நாலு கட்டை, நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

இந்த மரத்துக்கு ஒரு குணம் உண்டு, காயும்போது மிகக் குறைவாகத்தான் சுருங்கும். பேனாவுக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் உள்ளே ஒட்டுகிற பித்தளைக் குழாய் சுருங்காது, மேலே இருக்கிற மரம் சுருங்கினால் பிளக்கத்தான் வேண்டும். இதன் ஒன்றுவிட்ட சகோதர மரங்களை அமெரிக்காவில் டெக்சஸ், அரிசோனா பக்கம் மெஸ்கீட் என்கிறார்கள், அங்கே பேனா கடைகிறவர்களுக்கு அது செல்ல மரம். வைரம் பாய்ந்த பாகம் செம்பழுப்பில் இருக்கும், பாலிஷ் ஏறினால் பழைய ரோஸ்வுட் மாதிரியே மின்னும்.

சுற்றுச்சூழல்காரர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இந்த மரத்தை நட்டு வளர்க்கச் சொல்லவில்லை. கண்மாய்களை நாசம் செய்த மரம்தான், 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னதும் தெரியும். வெட்டுங்கள், வேரோடு பிடுங்குங்கள், வெட்டினதில் ஒரு முழம் எனக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது மேல்கை கனமாவது இருக்கட்டும். நட்டநடுத்தண்டு துண்டுக்குள் வரக்கூடாது, அது இருந்தால் வெடிப்பு நிச்சயம். வெளிவட்டத்து மஞ்சள் பாகத்தில் உளு விழுந்திருக்கும், மாவு கொட்டினால் அந்தக் கட்டையையே வைத்துவிடுங்கள். இரண்டு முனையிலும் இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, 20 எம்எம் சதுரமாக, 130 எம்எம் நீளத்துக்கு அறுத்து, முனைகளில் உருக்கிய மெழுகைத் தடவிப் பரணில் போடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைத் துண்டின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். மூன்று வாரம் ஒரே எடை நின்றால் கடையலாம். அறுக்கும்போதும் கடையும்போதும் மாஸ்க் கட்டாயம். முள் இருந்தால் கையுறை போட்டுப் பொறுக்குங்கள், லேத் ஓடும்போது கையுறையைக் கழற்றிவிடுங்கள்.

பரணில் காயும் வரை பொறுமை இல்லை என்றால் பழைய மரக்கடைக்குப் போங்கள். இடித்த வீட்டு ஜன்னல் சட்டம் ஐம்பது வருஷம் காய்ந்த தேக்கு, அதற்கு மேல் என்ன காய வேண்டும்? உள்ளே ஆணி முறிந்து கிடக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். தேக்கு உளியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், அதில் மணல் மாதிரிச் சிலிக்கா இருக்கிறது, அடிக்கடி தீட்ட வேண்டும். எண்ணெய்ப் பசையும் உண்டு, குழாய் ஒட்டும் முன் துளையைத் தின்னரில் துடையுங்கள். பூவரசு கிடைத்தால் விடாதீர்கள், நெருக்கமான ரேகை, உளிக்கு வெண்ணெய். பலா நன்றாக இருக்கும், வீணை, மிருதங்கம் செய்கிற பட்டறைகளில் கழிவுத்துண்டு கேட்டுப் பாருங்கள், மஞ்சளாக இருப்பது நாள்பட்டால் தேன் நிறத்துக்குப் போகும். தென்னையும் பனையும் பார்க்க அழகு, ஆனால் நார் நாராகப் பிய்யும், இரண்டாவது வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சந்தனம், செம்மரம், ரோஸ்வுட் துண்டு யாராவது 'சும்மா' கொடுத்தால் வாங்காதீர்கள், எங்கிருந்து வந்தது என்று வனத்துறை கேட்டால் பதில் இருக்க வேண்டும். அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் கட்டை சிலுக்சிலுக்கென்று தெறிக்கும், உளி கூராகத் தீட்ட வந்தபிறகு தொடலாம்.

இன்னொன்று, முதல் நாலைந்துக்குக் கிட்டைப் பிரிக்காதீர்கள். பித்தளைக் குழாய் தனியாகக் கிடைக்கும். துளை போடு, ஒட்டு, கடை, உப்புத்தாள் போடு, வெடித்தால் தூக்கிப் போடு. உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தாலும் சூட்டில் வெடிக்கும், விரலுக்குச் சூடு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். மேல்பூச்சுக்கு சென்னப்பட்டண பொம்மைக்காரர்கள் மாதிரி அரக்கு ஏற்றலாமே என்று சிலர் சொல்வார்கள், பார்க்கப் பிரமாதம்தான், நாள் முழுக்கக் கையில் பிடித்தால் வியர்வையில் மங்கிவிடும். மெல்லிசாக ஏழெட்டுப் பூச்சு சூப்பர் க்ளூ போதும்.

பேனா கொடுத்த அன்று செயலாளர் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்குப் பூர்வீகம் பரமக்குடிப் பக்கம், சீமைக் கருவேலத்தை அங்கே வேலிக்காத்தான் என்பார்கள். "வேலிக்காத்தானா இது? எங்கப்பா கரிமூட்டம் போட்டு மூட்டை மூட்டையா வித்தாரே" என்றார். நான் கருங்காலிக் கதையைச் சொன்னேன். அரைமணி நேரம் சிரித்தார், அந்தப் பழைய ஃபோர்மேனுக்கு ஒன்று கடைந்து அனுப்பச் சொன்னார், அதற்கு மட்டும் கருங்காலி போதும் என்றார்.

உங்களுடையது மர லேத்தா இரும்பு லேத்தா என்று நீங்கள் எழுதவில்லை. இரும்பு லேத் என்றால் மரத்தூள் எண்ணெயோடு சேர்ந்து பெட்டில் (லேத்தின் அடித்தளத்தில்) களியாக அப்பிக்கொள்ளும், கடையும் முன் பெட்டின் மேல் காகிதம் விரியுங்கள், முடிந்ததும் துடைத்துப் புது எண்ணெய் விடுங்கள். நான் விடாமல் போய் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்தது.