தேயிலை பிடுங்கிய மண்ணில் புளூபெர்ரி

கேள்வி: கிழட்டுத் தேயிலை பிடுங்கிய இடத்தில் ஆறு புளூபெர்ரிக் கன்றுகள் வைத்திருக்கிறேன். மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6. புளித்த மண்ணில் அலுமினிய நஞ்சு இருக்கும், புளிப்பை முறிக்க டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூளைக் கொட்டு என்கிறார் அண்ணன். புளூபெர்ரிக்குப் புளித்த மண்தானே பிடிக்கும்? நான் என்ன செய்ய?
- வாசகி, நானுஓயா

பதில்: தங்கச்சி, டொலமைட் மூட்டையை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். ஆனால் அண்ணன் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் உங்களைப் போலவே தேயிலை பிடுங்கிய ஒரு துண்டில் போஞ்சி போட்டேன். ஒரு சாண் வளர்ந்ததோடு நின்றுவிட்டது. ஒரு செடியைப் பிடுங்கிப் பீலித் தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். வேர் நுனியெல்லாம் தடித்து, பழுப்பேறி, மொட்டையாக இருந்தது. பக்க வேரே இல்லை. அலுமினியம் கடித்த வேர் அப்படித்தான் இருக்கும். அலுமினியம் எல்லா மண்ணிலும் உண்டு, களியோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். பிஎச் 5.5க்குக் கீழே இறங்க இறங்கக் கரைந்து வெளியே வரும். அது முதலில் பிடிப்பது வேர் நுனியைத்தான். வேர் நீளாவிட்டால் செடிக்குத் தண்ணீரும் இல்லை, பொஸ்பரசும் இல்லை. நம் மலைகளில் மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போகிறது. தேயிலைக்குப் போட்ட அமோனியம் சல்பேற்றும் சேர்ந்து மண்ணை இன்னும் புளிக்க வைத்தது.

தேயிலை மட்டும் எப்படிச் செழித்தது என்று கேட்பீர்கள். அது அலுமினியத்தை உறிஞ்சி இலையில் பூட்டி வைத்துக்கொள்ளும். கொழுந்தில் கொஞ்சம்தான் இருக்கும், முற்றிய இலையில் நிறைய. பங்களாத் தோட்டத்து ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதும் இதே அலுமினியத்தால்தான். சீமெந்துப் படியோரம் நிற்கும் செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். சீமெந்திலுள்ள சுண்ணாம்பு அங்கே புளிப்பை முறித்துவிடுகிறது.

புளூபெர்ரியின் வழி வேறு. அதன் வேர் மயிரிழை போல மெல்லியது, வேர்த்தூவியே கிடையாது. அந்த வேருக்குள் ஒரு பூஞ்சணம் குடியிருந்து, மக்கிய இலையிலிருந்து சத்தை எடுத்துக் கொடுக்கிறது. அதே மக்குதான் கரைந்த அலுமினியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் ரொடொடென்ரன் இதன் குடும்பம்தான். அதன் அடியில் ஒரு பிடி மண் அள்ளிப் பாருங்கள். கறுப்பாக, இலை வாசத்தோடு இருக்கும். அந்த மக்கு இல்லாத வெறும் செம்மண்ணில் நட்டால் புளூபெர்ரியும் அடி வாங்கும். ரகத்துக்கு ரகம் தாங்கும் சக்தியும் வேறு: சிலியில் சோதித்தபோது லெகசி என்ற ரகம் தாக்குப்பிடித்தது, புளூகோல்ட் வாடியது.

4.6 உங்கள் கன்றுகளுக்கு நல்ல அளவு. டொலமைட்டைக் கொட்டி 6க்கு ஏற்றினால் அலுமினியம் அடங்கும், ஆனால் இரும்புச் சத்து எட்டாமல் போய், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இளம் இலை மஞ்சளாகிவிடும். அதைவிடக் கன்றைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு மேல்மண்ணோடு மக்கிய பைனஸ் ஊசியிலையும் பட்டைத் தூளும் பாதிக்குப் பாதி கலந்து மேடு கட்டுங்கள். மேலே நாலு விரல் உயரத்துக்கு மூடாக்கு போடுங்கள். வேர் மேலாகவே ஓடும், அதனால் மண்வெட்டி போடாமல் புல்லைக் கையால் பிடுங்குங்கள். அமோனியம் சல்பேற் சிறு கரண்டியளவு போதும். அடுப்புச் சாம்பலைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், அதுவும் சுண்ணாம்பு மாதிரித்தான்.

அப்புறம் ஆறு மாதம் கழித்து, மேட்டின் ஓரத்தை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். மெல்லிய வேர் மக்குக்குள் வலை போலப் பின்னியிருந்தால் அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். என் போஞ்சி வேர் மாதிரித் தடித்து நின்றிருந்தால், மண்ணை மறுபடி சோதித்து அந்த அளவோடு எனக்கு எழுதுங்கள்.