கை பொறுக்கும் சூட்டுக்குக் கரிப்பூட்டை சாகுமா?

பண்ருட்டிப் பக்கம் கரும்பு பயிரிடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “சென்ற பருவத்தில் கரிப்பூட்டை நோய் கண்டதால், இம்முறை விதைக்கரணைகளை (நடுவதற்கான கரும்புத் துண்டுகளை) அண்டாவில் போட்டு அடுப்பேற்றி, கை பொறுக்கும் சூடு வந்தபின் 20 நிமிடம் வைத்திருந்து நட்டேன். அப்படியும் அந்நோயின் அடையாளமான கருஞ்சாட்டை கரும்பின் நுனியில் கிளம்பிவிட்டது. அடுத்த முறை நேரத்தைக் கூட்டினால் போதுமா?”

போதாது. கை பொறுக்கும் வெந்நீர் பெரும்பாலும் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அந்தச் சூடு, மொட்டுக்குள் இருந்து இந்நோயை உண்டாக்கும் பூஞ்சையைக் கொல்லாமல் உஷார்படுத்திவிடும்.

பூஞ்சையின் உயிரணுவில் ஹெச்எஸ்எஃப் 1 என்ற புரதம் உண்டு. வெப்பத்தைத் தாங்க உதவும் மரபணுக்களை முடுக்கிவிடுவது அதன் வேலை. சாதாரண நாள்களில் ஹெச்எஸ்பி 70 என்னும் மற்றொரு புரதம் அதைப் பிடித்து அடக்கி வைத்திருக்கிறது. சூடு ஏறி மற்ற புரதங்கள் உருக்குலையத் தொடங்கியதும் ஹெச்எஸ்பி 70 அவற்றைச் சீர்செய்ய ஓடிவிடுவதால், பிடி தளர்ந்த ஹெச்எஸ்எஃப் 1 சில நிமிடங்களுக்குள் அந்த மரபணுக்களை இயக்கிவிடுகிறது. பழுதுபார்க்கும் புரதங்கள் ஏராளமாகப் பெருகுகின்றன. ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையும் சேர்ந்து புரதங்களைக் காக்கிறது. பழுது குறைந்து கைகள் ஓய்ந்த ஹெச்எஸ்பி 70 திரும்பி வந்து ஹெச்எஸ்எஃப் 1-ஐ மீண்டும் பிடித்துக்கொள்ளும். அதாவது, தீயை அணைத்தவரே மணியையும் நிறுத்திவிடுகிறார்.

ரொட்டிக்கு இடும் ஈஸ்ட்டில் இது தெளிவாக நிறுவப்பட்டிருக்கிறது. 25 டிகிரியில் வளர்ந்த ஈஸ்ட்டை நேராக 50 டிகிரிக்கு மாற்றினால் பெரும்பகுதி மடிகிறது; இடையில் 37 டிகிரியில் சற்று நேரம் வைத்திருந்து மாற்றினால் பல மடங்கு பிழைக்கிறது. ஆகவே கரணையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான முறை. அது பூஞ்சைக்குத் தயாராக அவகாசம் தருகிறது.

நீர் 50 டிகிரியை அடைந்த பிறகே கரணைகளை இடுங்கள். இட்டதும் சூடு இறங்கும் என்பதால் வெப்பமானியைப் பார்த்து உடனே மீட்டு, 2 மணி நேரம் அதே அளவில் வைத்திருங்கள். காற்று கலந்த நீராவி வசதி கிடைத்தால் 50 டிகிரியில் 1 மணி நேரம் போதும். சூடு மிஞ்சினால் கரணையின் முளைப்பே கெடும். கையை நம்ப வேண்டாம் என்பதற்கு அதுவும் காரணம். வயலில் எழும் சாட்டையை வெடிக்குமுன் சாக்கால் மூடி அறுத்து எரித்துவிடுங்கள். நோய் கண்ட வயலில் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் பயிர்) விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. செவ்வழுகல் என்ற மற்றொரு கரும்பு நோய்க்கு இந்த வெந்நீரை நம்பாதீர்கள். அந்தப் பூஞ்சை கரணையின் உட்பகுதியில் ஆழமாகத் தங்குவதால் சூடு உறுதியாகப் போய்ச் சேருவதில்லை. கடலூரில் உருவாகிப் பெரும்புகழ் பெற்ற கோசி 671 இரகமே அந்நோய்க்குப் பல இடங்களில் பலியானது. கரும்பைப் பிளந்து பாருங்கள்: சிவந்த சதையில் குறுக்கே வெள்ளைத் திட்டுகளும் புளித்த வாடையும் இருந்தால் அந்த வயலின் கரணையை விதைக்கு எடுக்காமல், கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் நோய் தாங்கும் இரகம் கேட்டு வாங்குங்கள்.